ஒன்று புள்ளி நான்கு

செவ்வாய்க்கிழமைகளில் எடை பார்ப்பது என் வேலை.
குவோப்பியோ நகரத்து மருத்துவமனை, கீழ்த்தளம்,
சன்னல் இல்லாத அறை.
காலணி, கடிகாரம், கம்பளிச் சட்டை, தொப்பி
எல்லாம் கழற்றி வைத்துவிட்டு
மூச்சை வேறு அடக்கிக்கொண்டு ஏறுவார்கள்,
காற்றுக்கும் கனம் உண்டு என்பதுபோல.

இல்ப்போ பனி அள்ளும் லாரி ஓட்டுபவர்.
துய்ரே இரவெல்லாம் தபால் பிரிப்பவர்.
இருவருக்கும் ஐம்பத்துமூன்று.
ஒரே அட்டவணை, ஒரே ரை ரொட்டி,
பாதித் தட்டு முட்டைக்கோஸ்,
வாரத்தில் ஐந்து நாள் நடை,
ஞாயிறு மட்டும் ஏலக்காய் பன், ஒன்று.

ஆறு மாதத்தில் இல்ப்போ பதினோரு கிலோ இறங்கினார்.
இடுப்பு வாரில் ஆணியால் புதுத் துளை போட்டுக்கொண்டு வந்து
சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
துய்ரே இறங்கியது
ஒன்று புள்ளி நான்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா?
அவர் உணவுக் குறிப்பேட்டை
வட்டிக்காரி சீட்டைப் புரட்டுவதுபோலப் புரட்டினேன்.
'ஏதாவது விட்டுப்போயிருக்குமோ, யோசித்துப் பாருங்கள்.'
குரலில் தேன் தடவித்தான் கேட்டேன்.
அவர் உண்மையாகவே யோசித்தார், நெடுநேரம்.
'பிப்ரவரி மூன்று. இருமல் மிட்டாய். இரண்டு.'
எழுதிக்கொண்டேன்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
அழுத்தி.
அதற்குக்கூடத் தொந்தி இருந்தது.

அடுத்த வாரம், விடியும் முன்,
முதல் பேருந்துக்கு நிற்கிறேன்.
மைனஸ் இருபத்திரண்டு. இமை மயிர் ஒட்டுகிறது.
உறைந்த ஏரியின் மேல்
நெற்றி விளக்கு ஒன்று போகிறது,
இரண்டு ஊன்றுகோல், ஊதாத் தொப்பி.
அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும்,
என் மேசைமேல் எத்தனை செவ்வாய் கிடந்திருக்கிறது.
பேருந்து வந்தது, போனது.
விளக்கு அக்கரை தொட்டுத் திரும்பி
மறுபடியும் அக்கரைக்குப் போனது.
கேட்க ஆளில்லாத இடத்தில்
ஒருத்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.
நான் கேள்விக்குறி போட்டவள்,
கால் மரத்து நின்றேன்.

ஏப்ரலில் முடிவுகள் வந்தன.
மருத்துவர் அய்லி தாளை விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்:
இங்கே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, இங்கே இன்னொன்று,
ஒவ்வொன்றும் கடுகளவு.
எல்லாம் கூடினால் தரை கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான்.
தலையெழுத்து என்று மட்டும் சொல்லிவிடாதே.
பிறகு, தட்டினாலும் கதவு திறக்காத செல்கள்,
வாசலில் இன்சுலின் நின்று நின்று சலித்த கதை,
இருபது வருட இரவு வேலை.
சில உடம்பு ஊதாரி.
சில உடம்பு, வரவு குறைந்த அன்றே
விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் உட்கார்ந்து மிச்சம் பிடிக்கும்.
இல்ப்போவின் பதினோரு கிலோவும்
முழுக்க இல்ப்போ சம்பாதித்ததல்ல.

இன்னொரு தாளும் இருந்தது.
துய்ரேயின் சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்திருந்தது.
கல்லீரல் கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு காணவில்லை.
ஏரியில் எங்கோ போட்டுவிட்டு வந்திருக்கிறார்,
தராசுக்குத் தகவல் இல்லை.

சொன்னேன்.
நன்றி சொல்வார், அழுவார் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.
கையுறையின் நூலை இழுத்துக்கொண்டே இருந்தார்.
'ஏழாம் வகுப்பு நாடகத்தில்
என்னை அடுப்பாக நிற்க வைத்தார்கள்' என்றார்.
'வசனம் கிடையாது.
வயிற்றில் அட்டைக் கதவு.
கேக்கை உள்ளே வைப்பார்கள், எடுப்பார்கள்.
அன்றைக்குக் காலையில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.
இதையும் எழுதிக்கொள்கிறீர்களா?'

அவர் போனபின் கேள்விக்குறியை ரப்பரால் தேய்த்தேன்.
கரி போயிற்று.
பள்ளம் போகவில்லை, விரலுக்குத் தட்டுப்படுகிறது.

அடுத்த செவ்வாய்.
காலணி கழற்றினார், கடிகாரம் கழற்றினார்,
தொப்பிக்குக் கை போனது.
இருக்கட்டும் என்றேன்.
எண்பத்தொன்பது புள்ளி மூன்று, ஊதாத் தொப்பியோடு.
அப்படியே எழுதினேன்.